சரக்கு இறங்கிய துறையும் ஆள் இறங்கிய தெருவும்

கடலூர் ஓர் ஊரன்று. முதுநகர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் முதலிய ஊர்களின் கூட்டு. இவற்றின் கடைத்தெருக்களே நகரின் வரலாற்றைச் சொல்லும்.

1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கினர். அண்டையிலுள்ள பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள் கீழைக்கடல் துறைகளுக்குத் துணி ஏற்றிய காலம் அது. நங்கூரமிட்ட கப்பல்களின் சரக்கைப் படகுகள் உப்பனாற்றுக் கரை சேர்த்தன. ஆகவே கிடங்கும் கடையும் முதுநகரிலேயே நெருங்கி நின்றன. ஆட்சி அலுவலகங்களோ மஞ்சக்குப்பத்தில் அமைந்தன.

பின்னர் வந்த புகைவண்டி முதுநகரையும் தொட்டது, திருப்பாதிரிப்புலியூரையும் தொட்டது. ஆனால் பேருந்து நிலையம் திருப்பாதிரிப்புலியூரில் அமைந்தது. சிற்றூர் மக்கள் அங்கே இறங்கினர், அங்கேயே வாங்கினர். லாரன்ஸ் சாலை கடைவீதியாய்ச் செழித்தது.

முதுநகர் வணிகரின் சோம்பலே இம்மாற்றத்திற்குக் காரணம் என்பது பொருந்தாது. மொத்த வணிகன் சரக்கு இறங்கும் இடத்தை நாடுகிறான். சில்லறை வணிகனோ ஆள் இறங்கும் இடத்தை நாடுகிறான். துறைமுகத்தின் ஏற்றம் குறைந்தபோது முதல்வகைக் கடைகள் தளர்ந்தன. இரண்டாம் வகைக் கடைகள் இடம் பெயர்ந்தன. வீடும் பள்ளிவாசலும் உறவும் முதுநகரில் இருக்க, கடை மட்டும் அப்பால் சென்ற குடும்பங்களின் மனவருத்தம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

மகனுக்குக் கடை வைத்துக்கொடுக்க எண்ணும் தந்தையர் தெருவின் பழம்பெருமையை மட்டும் பாராது, அங்கு நடக்கும் கால்களையும் எண்ணிப் பார்ப்பார்களாக!