கணிதத்தில் இரு வழிகள்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அரியூரிலும் சுற்றுப்புறக் காலனிகளிலும் வாழும் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை இரண்டு வகையாமே? எங்கள் பிள்ளை எதை எழுதலாம்?" என்பதே அது.

இக்கேள்வி புதியதன்று. பழைய பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி. கல்வியிலேயே பொதுக் கணிதம், காம்போசிட் கணிதம் என இரு பிரிவுகள் இருந்தன. முன்னது அன்றாட வாழ்விற்கு வேண்டிய கணக்குகளைக் கற்பித்தது. பின்னது இயற்கணிதத்தையும் வடிவியலையும் ஆழ்ந்து கற்பித்தது. எளிதென்று பொதுக் கணிதம் பயின்றவர், பின்னர்ப் புகுமுக வகுப்பில் கணிதப் பிரிவை நாடியபோது கதவு சாத்தியிருக்கக் கண்டனர். தந்தையும் தமையனும் படித்த இல்லங்களில் இவ்விளைவை முன்னரே எடுத்துரைக்க ஆளிருந்தது. முதல் தலைமுறையாகப் பள்ளிப்படி ஏறிய நம் பிள்ளைகட்கு அவ்வாறு உரைப்பார் எவருமிலர்.

1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, பிரியும் இடம் பதினொன்றாம் வகுப்பிற்கு மாறிற்று. அங்கும் கணிதமில்லாப் பிரிவிற் சேர்ந்தவர்க்குப் பொறியியற் கல்வி எட்டாக் கனியாயிற்று.

2019-20 கல்வியாண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்பிற்கு 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என இரு கணிதத் தேர்வுகளை வகுத்தது. புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் அவ்வாரியத்திற்கு மாறின. 2024-25இல் பத்தாம் வகுப்பும் மாறியது. ஆகவே பழைய வினா நம் வாயிலுக்கே மீண்டும் வந்துள்ளது.

பெற்றோர் இங்கு ஓர் உண்மையை அறிதல் வேண்டும். இரு தேர்வுகட்கும் பாடத்திட்டம் ஒன்றே; வகுப்பறையும் ஒன்றே. வினாத்தாளின் கடுமை மட்டுமே வேறு. 'பேசிக்' எழுதியவர் மேல்வகுப்பில் பயன்பாட்டுக் கணிதம் பயிலலாம். முழுக் கணிதம் பயில விழைந்தால், துணைத்தேர்வில் 'ஸ்டாண்டர்டு' எழுதித் தேறுதல் வேண்டும் என்பது வகுக்கப்பட்ட விதி. கொரோனாக் காலத்தில் அது தளர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் தளர்வை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தை அமைத்தல் தகாது.

பாடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை நமக்கு எளிதில் வாய்த்ததன்று. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அண்ணல் அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. அவர் பாரசீக மொழியையே பயில நேர்ந்தது. அதே பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகையின் பின்னே தாங்கள் வைத்திருந்த உணவுப் பாத்திரங்களை அகற்றப் பிற மாணவர் விரைந்தோடினர் என அவர்தம் வரலாறு கூறுகிறது. அன்று தடுத்தது தீண்டாமை. இன்று "உன் பிள்ளைக்கு எளியது போதும்" என்னும் கனிவான சொல்லே தடையாகலாம்.

இப்பிழை நம்மிடமும் உண்டென்பதை மறைக்க விரும்பவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறையுமோ என அஞ்சி, தயங்கி நின்ற மாணவரிடம் 'பேசிக்' படிவத்தை நீட்டியதுண்டு. மாணவர் அஞ்சியது ஒரு தேர்வுக்கு. நாம் அஞ்சியது ஒரு விழுக்காட்டிற்கு.

எளிய தேர்வு இழிவன்று. வணிகமோ கலையோ பயிலத் தெளிந்து துணிந்தவர் அதனை எழுதட்டும். ஆனால் அம்முடிவு மாணவருடையதாக இருத்தல் வேண்டும். விளைவறிந்து எடுத்ததாகவும் இருத்தல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதலே அனைவரையும் கடினத் தேர்வுக்கெனப் பயிற்றுவோம். பாடம் ஒன்றேயாதலின் இதனால் எவர்க்கும் இழப்பில்லை. நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் கணிதத்திற்கெனத் தனிநேரம் ஒதுக்குமாறு பொறுப்பாளர்களை வேண்டுகிறோம். படிவத்தில் கையொப்பமிடுமுன் பெற்றோர் ஒருமுறை பள்ளிக்கு வந்து, அதன் விளைவைக் கேட்டறிந்து செல்க.