குச்சும் பள்ளிக்கூடமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு பெண் பூப்பெய்திய செய்தி ஒரு பொழுதுக்குள் ஊரின் கடைசித் தெருவரை சென்று சேர்வதற்கு வேண்டிய ஏற்பாடுகள் யாவற்றையும் நம் முன்னோர் வெகு சிரத்தையோடு செய்து வைத்திருந்தனர். தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றுக் கொண்டுவந்து வீட்டின் புறத்தே குச்சுக் கட்டுவான். சலவைத் தொழிற்குடிப் பெண் மாற்றுத் துணி கொண்டுவருவாள். சுமங்கலிகள் கூடி மஞ்சள் நீர் வார்ப்பார்கள். அத்தையும் பாட்டியும் உளுந்தங்களியையும் கருப்பட்டியையும் நல்லெண்ணெயையும் நாட்டுக்கோழி முட்டையையும் அவள் போதும் போதும் என்று சொல்லும்வரை ஊட்டுவார்கள். பின்னர் ஏழாம் நாளிலோ ஒன்பதாம் நாளிலோ பதினாறாம் நாளிலோ, அவரவர் குல வழக்கப்படி, சடங்கு சுற்றிச் சீர்வரிசையோடு பெண்ணை வீட்டுக்குள் அழைப்பார்கள். வளரும் தேகத்துக்குப் புஷ்டியான ஆகாரம் வேண்டும் என்பதை அந்தக் கிழவிகள் எந்த வைத்திய நூலையும் வாசிக்காமலே அறிந்திருந்தார்கள் என்பதை நான் மனப்பூர்வமாகப் போற்றுகிறேன். ஆயினும் இத்தனை ஆரவாரத்துக்கும் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமிக்கு, தன் உடலில் நிகழ்ந்தது என்ன, அது மாதந்தோறும் நிகழ்வானேன், அதனால் அஞ்சத்தக்கது உண்டா இல்லையா என்று ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் போகாதே, காத்துக் கருப்பு அண்டாமல் பக்கத்தில் இரும்பும் வேப்பிலையும் வைத்துக்கொள் என்னும் விலக்குகளும் காப்புகளுமே அவளுக்குக் கிடைத்த உபதேசம்.

இந்த மௌனத்தைப் பள்ளிக்கூடம் நீக்கியிருக்கக் கூடாதா என்று இக்காலத்தார் வினவலாம். நீக்குவதற்குப் பெண் அங்கே இருந்தாளில்லை. பூப்படைந்த அன்றே பலகையும் புத்தகமும் மூலைக்குப் போய்விடும். அதற்கு முன்பே விவாகம் முடித்துவிடவேண்டும் என்று சாஸ்திரத்தைக் காட்டிய குலங்களிலோ, எட்டு வயதிலும் பத்து வயதிலும் தாலி ஏறியபின், ருதுவான செய்தி புக்ககத்துக்குச் சொல்லி அனுப்பப்படும் தகவலாகவே முடிந்தது. ஆகையால் நம் நாட்டில் பருவக் கல்வியின் சரித்திரத்தை எழுதப் புகுபவர் பாடப் புத்தகத்திலிருந்து தொடங்க முடியாது. பூப்பெய்திய பெண்ணை வகுப்பறையில் நிறுத்தி வைப்பதற்கு நடந்த நெடும் போராட்டத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையாரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பருவமடைந்ததும் பள்ளிக்குச் செல்வது நின்றுபோகவே, தந்தையார் நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே கல்விக்கு ஏற்பாடு செய்ய, அம்மையார் அவ்வாறே பயின்று மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். பின்னர் ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்புகளையெல்லாம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார். பெரியவளாகிவிட்ட ஒரு பெண் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு ஓர் அரசனின் ஆணை வேண்டியிருந்த காலம் அது! சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907-இல் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்ற அவ்வம்மையார், இளவயதுப் பிரசவத்தின் கொடுமைகளை வைத்தியராக நேரில் கண்டவர். சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகித் துணைத் தலைவராகவும் அமர்ந்தபின், 1928-இல், பெண்ணின் விவாக வயது பதினாறும் ஆணின் விவாக வயது இருபத்தொன்றும் ஆகவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்ததற்கு அந்த அனுபவமே ஆதாரமாயிற்று எனலாம்.

அதே 1886-இல் பிறந்து, ‘சகோதரி’ என்று அழைக்கப்பட்ட சுப்பலட்சுமியின் பணி வேறொரு திசையிலிருந்து இவ்விடத்துக்கே வந்து சேர்கிறது. பதினொரு வயதில் மணம் முடிந்து சில காலத்திலேயே கணவனை இழந்த அவர், 1911-இல் பட்டதாரியாகி, மறு ஆண்டே எழும்பூரில் சில பால்ய விதவைகளை வைத்துக்கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். பின்பு அது திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்குப் பெயர்ந்தது. மற்றப் பெண்களுக்குப் பூப்பு மஞ்சள் நீராயிற்று. அக்காலத்துப் பல வைதிகக் குடும்பங்களிலோ, விதவைச் சிறுமிக்கு அது தலைமழிப்பின் அறிவிப்பாயிற்று. அத்தகைய குழந்தைகளை, அந்த வயதிலேயே, பள்ளி ஆசிரியைகளாக உருவாக்கி எடுத்த அச்செயலைக் காட்டிலும் துணிவான கல்விப் பணி ஒன்று அந்நாளைய சென்னையில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் மெல்ல அசைந்தது. கூடலுக்குச் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே நாடெங்கும் வைதிகர் கொதித்தெழுந்தனர். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் மண வயதாக விதித்தது. அது அமலுக்கு வந்த 1930 ஏப்ரல் முதல் தேதிக்கு முன், கிடைத்த ஆறு மாத இடைவெளியில், எண்ணற்ற குழந்தைகளுக்கு அவசர அவசரமாக விவாகம் செய்து வைக்கப்பட்டது. மீறியோர் பலர், தண்டனை பெற்றோர் சிலர் என்றே அச்சட்டத்தின் நடைமுறை இருந்ததாயினும், பூப்புக்கும் விவாகத்துக்கும் நடுவே சில ஆண்டுகள் உண்டு என்னும் எண்ணத்தைச் சமூகம் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்தச் சில ஆண்டுகளே பின்னாளில் உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் வகுப்பாயின.

கருத்தடையைப் பற்றிய பேச்சும் அந்தத் தசாப்தத்திலேயே பகிரங்கமாயிற்று. சென்னையில் 1928-இல் தோன்றிய நியோ மால்தூசியன் சங்கத்தார் ஜனப்பெருக்கத்தையும் வறுமையையும் காட்டி வாதித்தனர். செங்கற்பட்டில் 1929-இல் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணின் மண வயது பதினாறுக்குக் குறையலாகாது என்றது. பெரியாரோ, தன் உடலின்மீது பெண்ணுக்கே அதிகாரம் வேண்டும் என்பதே கர்ப்பத்தடையின் முதற் காரணம் என்று ‘குடி அரசு’ ஏட்டில் வெளிப்படையாக எழுதினார். ஆனால் இவையெல்லாம் பெரியவர்களுக்குள் நடந்த விவாதங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமியை நோக்கி, அவளுக்கு விளங்கும் பாஷையில், அவள் உடலைப் பற்றி ஒருவர் பேசியதாக இவ்விவாதங்களில் காண்பது அரிது. ஆண்பிள்ளையைப் பற்றியோ சொல்லவே வேண்டுவதில்லை. அவனுக்குக் குச்சும் இல்லை, சீரும் இல்லை, உபதேசமும் இல்லை. குரல் உடைந்து மீசை அரும்பும் வயதில் அவன் தன் ஐயங்களைத் தன்னைப் போன்றே அறியாத தோழர்களிடம் கேட்டுத் தெளிய முயன்றான்.

சுதந்திரத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1978-இல் மண வயது பதினெட்டும் இருபத்தொன்றுமாக உயர்ந்தது. 1980-இல் தேசிய மக்கட்தொகைக் கல்வித் திட்டம் பள்ளிகளை எட்டியது. 2005-இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று, 2007-இல் பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. தமிழக அரசு 2011-இல் அறிவித்த புதுயுகம் திட்டத்தால் கிராமப்புறப் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கிடைத்தது. மண்டபத்தில் விருந்து வைத்துச் சிறுமியின் படத்தைத் தெருமுனைப் பதாகையில் ஏற்றும் புது வழக்கமோ, பழைய குச்சு அவளுக்கு அளித்த ஒதுக்கிடத்தையும் பறித்துக்கொண்டது. இன்று எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் இருக்கிறது. அது இருப்பதற்கு நூறாண்டு உழைப்பு தேவைப்பட்டதை நினைத்தால் மகிழ்ச்சியே உண்டாகிறது. ஆனால் பதினொரு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பூப்பெய்தும் பெண்கள் வகுப்பில் பலர்; அவர்களுக்கு எட்டாம் வகுப்புப் பாடம் நிகழ்ந்து முடிந்த ஒன்றின் விளக்கமாகவே வந்து சேர்கிறது. அதனை ஐந்தாம் வகுப்புக்கோ ஆறாம் வகுப்புக்கோ முன்கொண்டுவந்து, ஆண்பிள்ளைகளையும் உடன் உட்காரவைத்து, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிடாமல் வகுப்பிலேயே நடத்துவது இனி ஆசிரியரும் பாடத்திட்டக் குழுவினரும் செய்யவேண்டிய காரியம்.