மண் பாக்டீரியாப் பெயர்களில் பால் இயைபு

அன்றைய இந்தியாவின் நெல்வயல் மண்ணில் கண்ட, நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாவுக்கு ஸ்டார்க்கியும் டேயும் 1939இல் ‘அசோட்டோபாக்டர் இண்டிகம்’ எனப் பெயரிட்டனர். 1950இல் டெர்க்ஸ் அதனைப் ‘பெய்யெரிங்கியா’ என்னும் புதுப் பேரினமாக வகைப்படுத்தினார். முன்னைய பேரினப் பெயர் இலத்தீனில் ஒன்றன்பாலாகக் கொள்ளப்பட்டது, புதியது பெண்பால். ஆகவே ‘இண்டிகம்’ என்னும் பெயரடை ‘இண்டிகா’ எனத் திரிந்தது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பலூன் ஆய்வில் கிடைத்து, பின்னர் மண்ணிலும் காணப்பட்டது ‘பேசில்லஸ் ஆரியபட்டாய்’. 2009இல் இப்பெயர் பெற்ற அது, 2020இல் ஆண்பாற் பேரினத்திலிருந்து ‘ப்ரீஸ்டியா’ என்னும் பெண்பாற் பேரினத்துக்கு மாற்றப்பட்டும் ஈறு திரியவில்லை. ‘ஆரியபட்டருடைய’ எனப் பொருள்படும் ஆறாம் வேற்றுமை வடிவம் அது.

தமிழ்ப் பெயரடை பாலுக்கேற்பத் திரிவதில்லை: நல்ல மகன், நல்ல மகள். ஆதலின் இண்டிகம், இண்டிகா ஆகியவற்றை இரு வேறு உயிரிகளாகக் கருத இடமுண்டு. கலைச்சொல் அகராதியில் இரு பெயர்களையும் ஒரே பதிவின்கீழ்த் தருதல் இன்றியமையாதது.