ஒண்ணாவது படிக்கிறவளின் பிளஸ் 0.25

போன மாசம் திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவள் ஏழாவது, மைனஸ் மூணு கண்ணாடி. அக்காவும் சின்ன வயசிலிருந்து சோடாபுட்டிதான். சின்னவள் ஒண்ணாவது படிக்கிறாள். அவளுக்கும் சொட்டு மருந்து விட்டுச் சோதித்ததில் சீட்டில் பிளஸ் 0.25. "பிளஸ்தானே, இவளுக்குப் பயமில்ல"ன்னு அக்காவுக்கு நிம்மதி. எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் கவலையே வந்தது. ஏன்னு சொல்ல கொஞ்சம் பின்னால் போகணும்.

1860-களில் பிரெஸ்லாவ் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் கோன் 10,060 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை 1.4 சதவீதம், நகரத்து உயர்நிலைப் பள்ளிகளில் 26.2. படிப்பு, சரியில்லாத பெஞ்சு, மங்கலான வகுப்பறை என்று அவர் காரணம் சொன்னார். பிறகு வந்தவர்கள் பரம்பரை என்றார்கள். அதை 1969-ல் அலாஸ்காவின் பாரோ ஊர் ஆட்டிவைத்தது. பள்ளி வருமுன் வளர்ந்த 131 பேரில் இரண்டே பேருக்குக் கிட்டப்பார்வை. அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேல்! ஒரு தலைமுறையில் ரத்தம் மாறிவிடுமா? (அங்கே அப்போது செல்போனும் இல்லை.)

சரி, படிப்புதான் குற்றவாளியா? 2008-ல் வெளிவந்த ஓர் ஒப்பீடு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆறேழு வயசு சீன வம்சாவளிப் பிள்ளைகள்: சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய சமம். புத்தகமோ, சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகம் படித்தார்கள்! வித்தியாசம் வீட்டுக்கு வெளியே கழித்த நேரத்தில்: சிட்னியில் வாரம் சுமார் 14 மணி, சிங்கப்பூரில் 3. நல்ல வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் சுரந்து, கண் பந்து நீள்வதைத் தடுக்கிறது என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

இப்போ அந்தச் சீட்டுக்கு வருவோம். சின்னப் பிள்ளைகளின் கண் கொஞ்சம் பிளஸ்ஸில் இருப்பதுதான் இயல்பு. அந்த இருப்பு சீக்கிரம் கரைந்தால் அடுத்தது மைனஸ். அமெரிக்காவில் 1989 முதல் 2010 வரை 4,512 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள், ஒண்ணாம் வகுப்பில் பிளஸ் 0.75-க்குக் குறைவாக இருப்பதே மிகச் சிறந்த முன்னறிகுறி என்றார்கள். நம்ம ஊரில் 2009-ல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளியில் சோதித்துக் கண்ணாடி தருகிறது, நல்ல காரியம். ஆனால் போர்டு தெரியுதான்னு மட்டும் பார்த்தால் இந்தப் பிள்ளை பாஸ்.

குவாங்சோவில் ஒண்ணாம் வகுப்புக்குத் தினமும் 40 நிமிடம் வெளியே ஒரு வகுப்பைக் கூட்டினார்கள். மூணு வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், கூட்டாத பள்ளிகளில் 39.5. முழுசாக நிற்கவில்லைதான், ஆனாலும் மருந்தில்லாத குறைவு.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா, "நம்மூர் வெயில்லயா? கறுத்துப் போயிடுவாடா" என்றாள். உச்சி வெயில் வேண்டாம்க்கா, வேப்பமர நிழலிலேயே வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்குன்னேன். நம்பினாளோ இல்லையோ, சாயங்கால டியூஷனை ஆறரைக்கு மாற்றிவிட்டாள். அடுத்த வருஷம் மறுபடி சொட்டு மருந்து விட்டுப் பார்க்கணும்.