செய்நிரலின் ஓட்டமும் வரலாற்றுப் பதிவும்

ஆனையிறவு என்றதும் 1991, 2000, 2009 என்னும் ஆண்டுகளே இன்று நினைவுக்கு வருகின்றன. அவை போர்களைச் சுட்டும் ஆண்டுகள். 1990 இல் போரினால் நின்றுபோன உப்பளத்தின் அன்றாடத் தொழிலை எவரும் ஆண்டு குறித்து நினைப்பதில்லை. அத்தொழிலில் நீர் பாத்திக்குப் பாத்தி மாறிச் செறிவடைந்து, போமே அளவில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். எஞ்சிய நீரை 30 பாகைக்கு முன்னர் வெளியேற்றாவிடின் மக்னீசிய உப்புக்களுஞ் சேர்ந்து கசக்கும். குவித்த உப்பைச் சுவைத்தாற் கசப்புத் தெரியும். எந்நாளில், எப்பாத்தியில் தவறு நேர்ந்ததென்பது தெரியாது. அதற்கு நாட்பதிவு வேண்டும்.

முடிவு வேறு, முடிவை ஈன்ற ஓட்டம் வேறு. வரலாற்றாய்வாளர்க்குப் பழக்கமான இவ்வேறுபாட்டைக் கணினித்துறை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையே இங்கு நாம் நோக்குகின்றோம். ஆனையிறவுக்குத் தெற்கே, கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கணினிப் பொறியியலைக் கற்பிக்கின்றது. ஆதலின் இவ்வினா நமக்கு அயலானதன்று.

1949 மே மாதத்தில் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னுங் கணினி தன் முதற் செய்நிரலை இயக்கியது. செய்நிரலில் வழு நேர்ந்தால், நினைவகத்தின் நிலையைக் காட்டுந் திரையை உற்றுநோக்குவது ஒரு வழி. இயந்திரம் நின்றபின் நினைவகத்தில் எஞ்சியதை அச்சிட்டு ஆராய்வது மற்றொரு வழி. இதனைப் பிரேதப் பரிசோதனை என்றே அழைத்தனர். பெயர் பொருத்தமானதே: உடல் கிடைக்கும், நடந்தது கிடைக்காது. ஸ்ரான்லி கில் 1951 இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்றாவது வழியொன்றை விளக்கினார். ஆய்வுக்குரிய செய்நிரலின் அறிவுறுத்தல்களைப் பிறிதொரு செய்நிரல் ஒவ்வொன்றாக நிறைவேற்றி, அவற்றின் குறியெழுத்துக்களை வரிசையாக அச்சிடும். செய்நிரல் தன் வரலாற்றைத் தாளில் விட்டுச்செல்லத் தொடங்கியது இவ்வாறே.

தாளிலிருந்து காந்த நாடாவுக்குச் சென்றது அடுத்த கட்டம். 1969 இல் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் பல்சர் எக்ஸ்டாம்ஸ் என்னும் முறைமையை வெளிப்படுத்தினார். ஓட்டம் முழுவதும் 'வரலாற்று நாடா'வில் எழுதப்பட, ஆய்வாளர் அதில் முன்னும் பின்னுஞ் செல்லலாம். ஒரு பெறுமானம் எங்கிருந்து வந்ததென மூலம் தேடிப் பின்னோக்கி நடக்கலாம். நமது மதிப்பீட்டில் இதுவே இத்துறையின் திருப்புமுனை.

றிச்சார்ட் ஸ்ரோல்மன் 1986 இல் தொடக்கிய ஜீடிபி என்னும் வழுநீக்கியில் இவ்வசதி 2009 இலேயே சேர்ந்தது. அறிவுறுத்தல் ஒவ்வொன்றும் மாற்றும் பதிவகங்களின், நினைவகத்தின் பழைய நிலையை அது குறித்துவைக்கும். செலவோ பெரிது, ஓட்டம் பன்மடங்கு மந்தமாகும். இயல்பான எல்லை 200,000 அறிவுறுத்தல்கள். இக்காலக் கணினிக்கு இது கண்ணிமைப்பொழுதினும் மிகக் குறைவு. பின்வந்த பதிப்புக்களில் பதிவைக் கோப்பாகச் சேமிக்கவும் மீட்கவும் முடிந்தது.

வழு எப்போதாவதுதான் தலைகாட்டும். அதற்காக இரவு பகலாகக் காத்திருக்க எவராலும் இயலாது. 2009 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே பைதன் மொழியில் வழுநீக்கிக்குக் கட்டளைக் கோவை எழுதும் வசதியும் வந்தது. குறித்த இடத்தில் நிறுத்துக, அங்கிருந்து பதிவைத் தொடங்குக, வழுவோடு நின்றாற் கோப்பிற் சேமிக்குக, ஒழுங்காக முடிந்தால் மீண்டும் ஓட்டுக என்று எழுதிவைத்தால், ஆளின்றியே பதிவு நடைபெறும். ஆயின் பதிவு எங்கே தொடங்குவதென்று தீர்மானிப்பவர் கோவையை எழுதியவரே. அதற்கு முன்னர் வித்திடப்பட்ட தவறு அக்கோப்பில் இராது. ஆவணக்காப்பகத்தில் உழன்றவர்களுக்கு இக்குறை புதிதன்று.

மொஸில்லா நிறுவனத்தார் 2014 இல் வெளியிட்ட ஆர்ஆர் என்னுங் கருவி வேறொரு நெறியைக் கைக்கொண்டது. ஒரே தொடக்கமும் ஒரே உள்ளீடுந் தரப்பட்டால் செய்நிரல் ஒரே வழியிற் செல்லும். ஆகவே வெளியிலிருந்து வந்தவற்றை, அதாவது பணிசெயல் முறைமை தந்த விடைகளையும் குறுக்கிட்ட சைகைகளையும் அவை வந்த தருணங்களையும் பதிந்தாற் போதும். ஏனையவற்றை மீள ஓட்டியே பெறலாம். மனித சமுதாயத்தின் வரலாற்றுக்கு இச்சலுகை இல்லை. 1990 ஐ எவரும் மீள ஓட்ட முடியாது.

எனினும் இப்பதிவுகளும் தனித்து நிற்பனவல்ல. ஜீடிபி சேமித்த கோப்பை வாசிக்க, அன்று ஓடிய அதே செய்நிரல் வேண்டும். மூலநிரலைத் திருத்தி மீளத் தொகுத்தபின் பழைய பதிவு பொருளிழந்துவிடும். ஆய்வுகூடங்கள் பதிவோடு அன்றைய செய்நிரலையும் அது சார்ந்த நூலகங்களையும் நாளிட்டு ஒருங்கே வைத்தல் வேண்டும்.