மராபு: நாரையின் பெயர் பூண்ட பாற்சொக்லேட்

விபோர்க் நகரின் கடைகளில் மஞ்சள் உறையிட்ட மராபு சொக்லேட்டைக் கண்டிராத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. அதனை டெனிஷ் பண்டமென்றே எம்மவர் பலர் கருதுவர். உண்மையில் அது பிறந்தது சுவீடனில். பெற்றெடுத்த நிறுவனமோ நோர்வேக்குரியது.

கொக்கோவுடன் பாலைச் சேர்ப்பது எளிதன்று. பாலிலுள்ள நீர் கலவையைக் கெடுத்துவிடும். அந்நீரை அகற்றிப் பாற்சொக்லேட்டை முதலில் ஆக்கியவர் சுவிற்சர்லாந்தின் வெவே நகரைச் சேர்ந்த டானியல் பீற்றர், ஆண்டு 1875. நோர்வேயில் 1889இல் தொடங்கப்பெற்ற பிரெயா நிறுவனத்தை 1892இல் யோஹான் துரோனே ஹோல்ஸ்ட் பொறுப்பேற்றார். 1906இல் பிரெயாவின் பாற்சொக்லேட் விற்பனைக்கு வந்தது.

சுவீடனிலும் கால்பதிக்க விரும்பிய ஹோல்ஸ்ட், 1916இல் சுந்த்பிபேரியில் ஒரு நிறுவனத்தை நிறுவினார். பிரெயா என்னும் பெயர் அங்கே வேறொருவருக்கு உரியதாயிருந்தமையால், தமது வணிகச் சின்னத்திலிருந்த மராபு நாரையின் பெயரையே சூட்டினார். பிணந்தின்னும் ஆபிரிக்கப் பறவையொன்றின் பெயர் இனிப்புக்கு வாய்த்தது விந்தையே! முதலாம் உலகப்போர் மூலப்பொருட்களைத் தடுத்தது; 1919இலேயே உற்பத்தி தொடங்கியது.

கொக்கோவின் கதையில் எமக்கும் பங்குண்டு. 1869இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, மாத்தளை, தும்பறைப் பகுதிகளில் கொக்கோ பரவியது. அத்தோட்டங்களில் உழைத்தோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர். அவர் பறித்த காய் ஐரோப்பாவில் இனித்தது. அவர்தம் பிள்ளைகளோ அவ்வினிப்பை அறிந்திலர்.

1990இல் பிரெயாவும் மராபுவும் ஒன்றிணைந்தன. 1993இல் அமெரிக்காவின் கிராப்ட் நிறுவனம் இரண்டையும் வாங்கியது. 2012 முதல் உரிமை மொண்டலீஸ் நிறுவனத்திடம் உள்ளது.

உறையிலே பழைய பெயர். இலாபம் செல்வதோ வேறிடம். 2023 மே மாதம், ரஷ்யாவில் தொழிலைத் தொடர்ந்தமைக்காக உக்ரேனிய அரச அமைப்பொன்று மொண்டலீஸைப் போருக்குத் துணைநிற்போர் பட்டியலிற் சேர்த்தது. அடுத்த மாதமே எஸ்ஏஎஸ் விமான நிறுவனம் உட்பட நோர்வே, சுவீடன் நாடுகளின் நிறுவனங்கள் பல அதன் பண்டங்களை வாங்குவதை நிறுத்தின. ஒரு துண்டுச் சொக்லேட்டால் போர் நிற்குமா என்று சிலர் நகைத்தனர். போரினால் ஊரிழந்து இங்கு வந்த எமக்கு அந்நகைப்பிலே சேர மனம் வரவில்லை.