ஹைரம் ஜோன்சன்: பெயர் சொல்லாத ஒரு சட்டம்

அமெரிக்கச் சீர்திருத்த அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் கலிபோர்னியாவின் ஹைரம் ஜோன்சனைத் தூக்கிப் பிடிப்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால், அவர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள். எனக்கோ அந்தச் சட்டம்தான் பெரிதாகப் படுகிறது.

ஜோன்சன் 1866இல் சக்ரமென்டோவில் பிறந்தார். சதேர்ன் பசிபிக் புகையிரதக் கம்பனி பிற்பாடு அந்த மாநிலத்தையே ஆட்டிப்படைத்தது. வாப்பா குரோவ் ஜோன்சனும் சட்டத்தரணி, அரசியல்வாதி. கம்பனியின் பக்கத்து ஆள். மகன் அதற்கு நேர் எதிர். 1908 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோ ஊழல் வழக்கை நடத்திய பிரான்சிஸ் ஹெனியை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவன் சுட்டுவிட்டான். ஹெனி உயிர் தப்பினார். வழக்கைப் பொறுப்பெடுத்து நடத்தியவர்களில் ஜோன்சனும் ஒருவர். அரசியல் தரகர் ஏப் ரூஃபுக்கு 14 வருடச் சிறை கிடைத்தது. ஜோன்சனின் பெயர் ஊரெல்லாம் பரவியது.

கம்பனியை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று மோட்டார் காரில் ஊர் ஊராகப் பேசி, 1910 தேர்தலில் ஆளுநரானார். அடுத்த வருடமே, மக்கள் கையொப்பம் திரட்டித் தாங்களே சட்டம் கொண்டுவரவும், பிடிக்காத அதிகாரியைப் பதவியிலிருந்து இறக்கவும் வழி திறந்தது.

பிறகு வந்தது 1913ஆம் ஆண்டின் காணிச் சட்டம். பிரஜாவுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் விவசாயக் காணி வாங்கக் கூடாது. குத்தகையும் மூன்று வருடத்துக்கு மேல் இல்லை. யப்பானியர் என்ற சொல் அதில் எங்குமே கிடையாது. தேவையும் இருக்கவில்லை. வந்து குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே பிரஜாவுரிமை என்று மத்திய சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்ததே! வரைவில் கைவைத்தவர்களில் ஒருவர், சூடுபட்ட அதே ஹெனி. ஜனாதிபதி வில்சன் தன் வெளிவிவகாரச் செயலாளர் பிரையனையே சக்ரமென்டோவுக்கு அனுப்பிப் பார்த்தார். ஜோன்சன் மசியவில்லை. பாகுபாடு என்று ஒன்று இருந்தால் அது வொஷிங்டனின் பிரஜாவுரிமைச் சட்டத்தில்தான், எங்களிடம் இல்லை என்பது அவரது வாதம். சட்டத்தரணி மூளை என்பது இதுதான். மே 19ஆம் திகதி கையெழுத்து விழுந்தது.

1920இல் அதே சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. குத்தகையும் போயிற்று. எப்படி? ஜோன்சன் காலத்தில் திறந்த அதே வழியில்: கையொப்பம் திரட்டி, மக்கள் வாக்கெடுப்பு வைத்து, பெரும்பான்மையோடு. கம்பனியின் கொட்டத்தை அடக்கச் செய்த ஆயுதம், வாக்கில்லாத விவசாயிமேல் பாய்ந்தது.

1923இல் பகத்சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. கலிபோர்னியாவில் பயிர் செய்த பஞ்சாபிச் சீக்கியரும் முஸ்லிம்களும் இந்தச் சட்டத்துக்குள் விழுந்தார்கள். அங்கு பிறந்த பிள்ளையின் பெயரிலோ, நம்பிக்கையான ஒரு வெள்ளைக்காரனின் பெயரிலோ காணியை எழுதி வைத்துக் காலம் தள்ளியவர்கள் உண்டு.

ஜோன்சன் 1917இல் செனட்சபைக்குப் போய், 1945இல் மௌத்தாகும்வரை அங்கேயே இருந்தார். யப்பானியரின் குடிவரவைத் தடுத்த 1924ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அவர் ஆதரவு. காணிச் சட்டத்தை 1952இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. வழக்காடி வென்றவர் செய் ஃபூஜீ. சட்டம் படித்துப் பட்டம் எடுத்தும், பிரஜையல்லாததால் சட்டத்தரணியாக முடியாமற் போனவர்.